அழுத்தினால் வரும் மின்னூட்டம்
கல்லூரி ஆய்வகத்தின் சன்னலில் ஜூன் மாத மழை அறைகிறது. சாலைக் கடைத்தெரு இரும்புக்கடைக்காரரின் மகள் ஆவுடைச்செல்வி, குவார்ட்ஸ் வில்லையை ஒன்பதாவது முறையாக ஈரம் போகக் காயவைக்கிறாள். ஈரக்காற்று பட்டால் படிகத்தின் மேல் சேரும் மின்னூட்டம் கசிந்துவிடும். "தீசிஸ்ல இந்த சாப்டரை விட்டுரு செல்வி. மீட்டர் முள் அசைஞ்சது உன் கை உரசினதாலதான் கேட்டோ," என்கிறார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஸ்ரீகுமார், மலையாளம் கலந்த தமிழில். "உரசல் இல்ல சார். அழுத்தினதால வந்த சார்ஜ். இப்போ காட்டுதேன்." வில்லையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடி, மேலிருந்து நூலில் எடைக்கல்லை இறக்குகிறாள். வில்லை அழுந்தியதும் மின்னூட்ட அளவியின் முள் வலப்புறம் பாய்கிறது. அளவியின் கம்பியைத் தரையோடு இணைத்து முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவருகிறாள். இணைப்பை எடுத்துவிட்டு, மூச்சடக்கி, எடைக்கல்லைத் தூக்குகிறாள். அழுத்தம் விலகியதும் முள் அதே அளவு இடப்புறம் பாய்கிறது. கை உரசினால் இப்படித் திரும்பாது என்பது இருவருக்கும் தெரியும். ஸ்ரீகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்க்கிறார். பிறகு பேனாவைத் திறக்கிறார். "ஒரு தடவை கூடி காட்டு. நான் எழுதியெடுக்கட்டே." அவள் அதற்குள் எடையை இறக்கத் தொடங்கியிருக்கிறாள்.