மூணு குழாய்

"மூணு! நீங்களே எண்ணிப் பாருங்க, மூணு!"

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். திரையில் இருந்த ஸ்கேன் படத்தைப் பேனாவால் தட்டித் தட்டிக் காட்டினார். வார்டில் அவருக்குப் பட்டாசு டாக்டர் என்று பெயர். சும்மா வைக்கவில்லை.

எதிரே மூன்று பேர். இரண்டு கிட்னியும் செயலிழந்து டயாலிசிஸில் கிடக்கும் நோயாளியின் மனைவி, தம்பி, தங்கை. அண்ணனுக்குக் கிட்னி கொடுக்கப்போவது தங்கை.

"என்ன மூணு? எங்களுக்கு ஒண்ணுமே புரியலை டாக்டர்" என்றார் தம்பி.

"வயித்துக்குள்ள இறங்கி வருது பாருங்க, இதுதான் பெரிய ரத்தக்குழாய். இதுலேர்ந்து ஒவ்வொரு கிட்னிக்கும் ஒரு கிளை போகும். அதுதான் வழக்கம். சில பேருக்குக் கூடுதலா ஒண்ணு இருக்கும். உங்க தங்கச்சிக்கு இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கமும் மூணு! அடடா, என்ன அமைப்பு! என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லை!"

"அப்ப நல்லதுதானே டாக்டர்? ரத்தம் நிறையப் போகுமே" என்றார் மனைவி ஆவலாக.

"அவங்களுக்கு நல்லதும்மா. நமக்குத்தான் வம்பு. மூணையும் வெட்டி, உங்க வீட்டுக்காரர் உடம்புல தனித்தனியாத் தைக்கணும். ஒண்ணு அடைச்சுக்கிட்டாலும் கிட்னியில அந்தப் பாகம் செத்துடும். இந்தக் கிட்னி வேண்டாம். எடுக்க மாட்டேன்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கதவோரம் நின்ற சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குடும்பமே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறது, இந்த மனுஷன் பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி குதிக்கிறாரே!

"அவளைத் தவிர வேற ஆளே இல்லை டாக்டர். அவளும் சந்தோஷமா சம்மதிச்சுட்டா. இல்லையாம்மா?" என்றார் தம்பி.

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள்.

"கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்றார் டாக்டர் அவளிடம்.

"வேணாம் டாக்டர், இப்பதான் குடிச்சா" என்றார் தம்பி.

காலையிலிருந்தே தம்பிக்கு மனக்குறை. டாக்டர் தங்கையை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்திருந்தார். "எனக்குத் தெரியாம அப்படி என்ன ரகசியம்?" என்று வராந்தாவில் சிஸ்டரிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனாரின் கையைப் பிடித்தார். "நீ அழாதடி. உன் மேல என்ன தப்பு? உடம்பு வாகு அப்படி இருந்தா நீ என்ன பண்ணுவே?"

தங்கை அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"சரி, விடுங்க. நீங்களும் கூடப்பிறந்தவர்தானே?" என்று டாக்டர் உற்சாகமாகத் தம்பி பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில வந்து டெஸ்டுக்கு ரத்தம் கொடுங்க. உங்க குழாயையும் பார்த்துடுவோம்!"

"எனக்கா? எனக்கு ஓடியாடி வேலை பார்க்கிற உடம்பு டாக்டர்..." அண்ணி தன்னையே பார்ப்பது தெரிந்ததும் தம்பி பேச்சை மாற்றினார். "வர்றேன்."

அவர்கள் வெளியே போனதும் சிஸ்டர் கதவைச் சாத்தினார். இனி சும்மா இருப்பதாக இல்லை.

"போன மாசம் ஒரு கிட்னிக்கு மூணு குழாய் இருந்துச்சு. பாட்டு முணுமுணுத்துக்கிட்டே தைச்சீங்க. பக்கத்துல நின்னு நூல் எடுத்துக் கொடுத்தவ நான். இப்ப பார்த்ததே இல்லைங்கறீங்க!"

டாக்டர் பேனாவை மூடினார்.

"ஆபரேஷன் சொதப்பினா பேர் கெட்டுடும்னு பயமா டாக்டர்? அந்த மனுஷனுக்கு ஊசி போட ஒவ்வொரு தடவையும் நரம்பு தேடுறவ நான். கேட்டா எனக்கு வயிறு எரியுது!"

"அவர் பேரை வெயிட்டிங் லிஸ்ட்ல ஏத்தச் சொல்லிட்டேன் சிஸ்டர். இறந்தவங்க யாரோட கிட்னியாவது கிடைக்கிற வரைக்கும் டயாலிசிஸ் ஓடும். அவரை நான் விட்டுட மாட்டேன்."

"கையில இருக்கிற கிட்னியை வேண்டாம்னுட்டு..."

கதவு லேசாகத் தட்டப்பட்டது. தங்கை. கைப்பையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு தயங்கி நின்றாள். சிஸ்டரைப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா. சிஸ்டர் நம்ம ஆள்தான்" என்றார் டாக்டர்.

"டாக்டர்... எனக்கு இஷ்டம் இல்லைன்னு காலையில உங்ககிட்ட சொன்னது... யாருக்கும் தெரியாதுல்ல? தெரிஞ்சா அப்புறம் அண்ணன் வீட்டு வாசப்படியை நான் மிதிக்கவே முடியாது."

"நீங்க எங்கம்மா சொன்னீங்க? வேண்டாம்னு சொன்னது உங்க ரத்தக்குழாய். அதுங்க மேல யாரும் கோபப்பட முடியாது. நிம்மதியாப் போயிட்டு வாங்க."

அவள் கும்பிட்டாள். உள்ளே வந்தபோது இருந்த முகம் இல்லை அது. ஏறக்குறைய ஓடினாள்.

சிஸ்டர் வெகுநேரம் திரையில் இருந்த அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் சிரிப்பு வந்தது.

"அப்ப அந்தத் தம்பிக்கு எத்தனை குழாய் இருக்கும் டாக்டர்?"

"இப்பவே எப்படிச் சொல்ல முடியும்? அவரையும் தனியா உட்கார வெச்சுக் கேட்டாத்தானே தெரியும்!"