துண்டு போட்ட இடம்

பட்டணத்துக்குப் போகும் ஐந்தேகால் ரயிலில் பத்தொன்பது வருடமாக ஏகாம்பரத்துக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்தவர் தணிகாசலம். திரும்புவது அவரவர் ஷிப்டைப் பொறுத்தது. ஊரே இருட்டில் கிளம்பி இருட்டில் வந்து படுக்கும் ஊர். மூன்று நாள் நின்றுகொண்டே போன பிறகுதான், தணிகாசலம் இறந்துவிட்டார் என்று பெட்டியில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பூமாலை வாங்கும்போது அவர் வீட்டை விசாரித்தார் ஏகாம்பரம்.

"உங்க தெருதான் சார். பந்தல் போட்டிருக்கே, அந்த வீடு," என்றாள் பூக்காரி.

அந்தப் பந்தலுக்கடியில் குனிந்துதான் மூன்று நாளும் ரயிலுக்கு ஓடியிருந்தார்.

தணிகாசலத்தின் மனைவி கொடியில் கிடந்த துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க. எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?"

"ரயில்லேர்ந்தும்மா," என்றார்.