படுத்தபடி ஓட்டும் சைக்கிள்

வெள்ளவத்தையில் அந்தக் கீழ்த்தள வீட்டில் அப்போது இருந்தவர்கள் சுகிர்தன், அவன் மனைவி தாரிகா, அவன் பலகை அறுத்துச் செய்து அன்றுதான் பெடல் பூட்டிய, படுத்தபடி ஓட்டும் மரச் சைக்கிள்.

"இதில மல்லாந்துகொண்டு கடற்கரை ரோட்டில, மெரின் ட்ரைவில போனால் சனம் சிரிக்கும்," என்றாள் தாரிகா.

"சிரிக்கட்டும். இண்டைக்கு ஓடியே தீருவன்."

ஏறிச் சாய்ந்து பெடலை மிதித்தான். முழங்கால் ஹேண்டிலில் இடித்தது. மறுபடி மிதித்தான். மறுபடியும் இடித்தது.

"நீளம் கட்டையாய்ப் போச்சே! நீர்தானே என்ரை காலை அளந்து சொன்னனீர்?"

"அளந்தது உங்கட கால். சொன்னது என்ரை காலின்ரை அளவு."

அவன் எழும்பி நின்று விழிக்க, அவள் சைக்கிளை வாசலுக்கு வெளியே உருட்டினாள்.

"தாரிகா, சனம் சிரிக்குமப்பா!"

"சிரிக்கட்டும்," என்றவள், அவனை உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்தி, வெளியே பூட்டிக்கொண்டு, சைக்கிளில் மல்லாந்து மிதித்துப் போனாள்.