தள்ளி வரும் மோட்டார் சைக்கிள்

கல்முனையில் ஜவுபரின் கராஜ் ஒரு குறுகிய ஒழுங்கையின் முனையில் இருந்தது. தினமும் பின்னேரம் மீராசாஹிபு தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதைக் கடந்து போவார். மூன்று மாதமாக இதே கூத்துத்தான்.

“இண்டைக்கும் நிண்டுட்டா, காக்கா?”

“ஓம் தம்பி. பழைய வண்டி, சாமான் கிடைக்கிறல்ல.”

ஜவுபருக்கு மானம் போனது. அந்த வண்டியின் சைலன்சரை வெட்டி, ஒழுங்கையே அதிரும்படி செய்து கொடுத்தவன் அவன்தான். இன்று பொறுக்க முடியாமல் வண்டியைப் பிடுங்கி உதைத்தான். ஒரே உதையில் எஞ்சின் முழங்கியது.

“நல்லாத்தானே இருக்கு! ஏறுங்க காக்கா, ஊட்ட கொண்டு போய் உடுறன்.”

“நிப்பாட்டு தம்பி!”

மீராசாஹிபு பாய்ந்து எஞ்சினை நிறுத்தினார்.

“சைலன்சர வெட்டச் சொன்னது ஸ்டைலுக்கு இல்ல. நான் இந்த முனையில திரும்பக்குள்ள, அடுப்படியில நிக்கிற என்ட பொஞ்சாதி ஸம்ஸியாவுக்குக் கேக்கணும். கேட்டதும் ஓடி வந்து கேற்றத் திறந்து வெச்சிட்டு நிப்பா.”

ஒழுங்கைக் கோடியில் தன் வீடு இருந்த பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

“அவ மௌத்தாகி, அடக்கி மூணு மாசம். இந்தச் சத்தத்தோட போய், பூட்டிக் கிடக்கிற கேற்றுக்கு முன்னால நான் எப்பிடித் தம்பி இறங்கிற?”