ஜோடிப் பொருத்தம்

லவ் பேர்ட்ஸ் விற்கிற கடையில் பச்சைக்காரிக்குக் குஞ்சிலிருந்தே ஒரே ஜோடி. அவனும் பச்சைதான். அன்று காலை கடைக்காரர் கூண்டுக்குள் கையை விட்டு, அவனைப் பிடித்து அடுத்த கூண்டில் போட்டார். அவள் பக்கத்தில் ஒரு நீலத்தைக் கொண்டுவந்து விட்டு, கூண்டுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினார்.

"யாருய்யா நீ?" என்று சீறினாள் பச்சைக்காரி.

"என்கிட்ட ஏம்மா பாயுறே? என் பெண்டாட்டியும் நீலம்தான். ஒரே கலரா இருந்தா இன்னைக்கு விலைபோகாதாம்," என்றான் நீலக்காரன்.

"சேர்ந்து இருக்கிறவங்களைப் பிரிச்சு விக்கிற அளவுக்கு இன்னைக்கு அப்படி என்னய்யா நாளு?"

"காதலர் தினமாம்."

பச்சைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பியில் அலகை மோதி, தொண்டை கிழியக் கத்தினாள்.

வாங்க வந்த பெண் செல்போனை நீட்டிப் படம் பிடித்தாள். "என்னமாக் கொஞ்சுது பாருங்க. இந்த ஜோடியையே குடுத்துடுங்க."