கடலையும் காட்டச் சொல்லு

"ஏலே ஜெஃப்ரி, எங்க அப்பா முகத்துக்குப் பூட்டுப் போட நீ யாருலே?"

பாஸ்போர்ட் போட்டோவுக்காகப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். நிற்கட்டும். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அந்த ஸ்டூடியோவின் குடை விளக்குகள் தப்பியதே பெரிய காரியம்.

அப்பாவை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகிறது. வீடியோ எடுத்தவன் ஜெஃப்ரி. என் தம்பி கிளைட்டன் கப்பலில் வேலை பார்க்கிறான். 'கடலில் நிற்கிறேன் அக்கா, இறங்க வழியில்லை' என்று அன்றைக்கு மெசேஜ் அனுப்பினான். அவன் ஒருத்தன் பார்ப்பதற்காகத்தான் அந்த வீடியோவே.

இன்று காலையில் இன்னொரு மெசேஜ். 'லிங்க் திறக்கலக்கா. கப்பல் கிளம்புது. சிக்னல் போறதுக்குள்ள மறுபடி அனுப்பச் சொல்லு.'

பெற்ற தகப்பன் முகத்தைப் பிள்ளை பார்ப்பதற்கு யாராவது கெடு வைப்பார்களா? பால் பாக்கெட்டுக்கு வைக்கிற மாதிரி?

"எக்கா, நீங்கதான பூட்டிக் குடுக்கச் சொன்னீங்க" என்றான் ஜெஃப்ரி.

சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. போன வருஷம் எங்கள் தெரு மெட்டில்டா அத்தை தன் புருஷன் அடக்கத்தில் அழுததை எவனோ வெட்டி எடுத்து, காமெடி மியூசிக் சேர்த்து ஊரெல்லாம் பரப்பினான். அத்தை இன்றைக்கும் கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறாள். எங்கள் வீட்டு அழுகைக்கு அந்தக் கதி வரக்கூடாது. கிளைட்டனின் ஈமெயிலுக்கு மட்டும் திறக்கிற மாதிரி ஒரு லிங்க் கொடு, ஒரு வாரத்தில் மூடிவிடு என்றேன். அதற்காக, அவன் பார்த்தானா இல்லையா என்று பார்க்காமலா மூடுவது?

"அவன் ஒரு தடவகூடப் பாக்கலியேலே!"

ஜெஃப்ரி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். லிங்க் எப்போது திறந்தது, எந்த ஊரிலிருந்து திறந்தது என்று வரிசையாக இருந்தது. அடக்கத்தன்று ஆரம்பித்து நேற்று வரைக்கும் பல தடவை. எல்லாம் எங்கள் ஊர், தூத்துக்குடி.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "எவன் கையிலலே குடுத்த?"

"யாருக்கும் குடுக்கலக்கா. தம்பி மெயிலுக்கு வார நம்பரப் போட்டாத்தான் தெறக்கும். அவன்தான் பாத்திருக்கான்."

அப்படியானால் கிளைட்டன் துரை ஊரில்தான் இருக்கிறார். ஊரில் இருந்துகொண்டு தகப்பனுக்கு ஒரு பிடி மண் போட வரவில்லை. அப்பா கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாரே, பாவி!

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போனை எடுத்தேன். அவன் மெசேஜ்களை மேலே தள்ளும்போது, அடக்கத்தன்று காலையில் வந்த ஒன்று கண்ணில் பட்டது.

'கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால கடல் தெரியும்லா. அதையும் காட்டச் சொல்லுக்கா.'

அன்றைக்கே அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா பெட்டியில் கிடக்கிறார், இவனுக்குக் கடல் கேட்கிறது. ஆனாலும் ஜெஃப்ரியிடம் வேண்டாவெறுப்பாகச் சொல்லி வைத்தேன்.

"அந்தக் கடலப் போடு" என்றேன்.

போட்டான். கல்லறைச் சிலுவைகள், சுவர், அதற்கு அப்பால் கடல். தூரத்தில் நங்கூரம் போட்டு ஒரு பச்சைக் கப்பல், மேலே நாலு மஞ்சள் கிரேன். கிளைட்டன் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தக் கிரேன்களுக்குக் கீழே நின்று பல்லைக் காட்டியபடி அனுப்பிய போட்டோ எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

"மெஷின் ரிப்பேர்னு வந்து நின்ன கப்பல்க்கா. துறைமுகத்துக்குள்ள வரவே இல்ல" என்றான் ஜெஃப்ரி. "எங்க மாமா போட்தான் மெக்கானிக்க ஏத்திட்டுப் போச்சு. நம்ம ஊரு செல்போன் டவர் அங்கன வரைக்கும் எட்டும்."

மெக்கானிக்கை ஏற்றிப் போக போட் இருந்திருக்கிறது. திரும்பி வந்த அதே போட்டில் என் தம்பி உட்கார இடமில்லையா? மெஷினுக்கு ஒன்று என்றால் ஆள் வரும், மனுஷனுக்கு ஒன்று என்றால் போகக்கூடாதா? மாட்டேன் என்று சொன்ன அந்தக் கேப்டன் எவனோ, அவனுக்கும் ஒரு அப்பன் இருப்பானே!

கிளைட்டன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுத் துறைமுக வாசலில் போய் நின்றிருப்பேன். அவன் வேலை போயிருக்கும்.

வீடியோவில் கேமரா அந்தக் கப்பலை மெதுவாகக் கிட்டே இழுத்தது. மேல்தளத்தில் ஆட்கள் பிடித்து நிற்கிற கம்பி தெரிய ஆரம்பித்தது. அப்போது கேட்டது என் குரல்.

"போதும்லே! அப்பன் சாவுக்கு வராத பயலுக்குக் கடல் ஒரு கேடா? அப்பா மூஞ்ச எடு."

கேமரா படக்கென்று அப்பாவிடம் திரும்பியது.

ஜெஃப்ரி வீடியோவை நிறுத்தினான். தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். "புது லிங்க் போடுதேன். அந்த இடத்துல மட்டும் சத்தத்த எடுத்திரட்டுமாக்கா?"

"எடுத்து என்னத்துக்குலே?" என்றேன். "ஒரு வாரமாக் கேட்டுட்டான். சிக்னல் போறதுக்குள்ள அனுப்பு."