ஞானாம்பாளின் கீழ் ஸ்தாயி

"என் பொண்ணு பாடுறதைக் கேட்டு என்னடா சிரிப்பு? நாளைக்கே நிலத்தைக் காலி பண்ணு."

"குத்தகையைச் சட்டப்படி பதிஞ்சாச்சுங்க. நான் ஏன் காலி பண்ணணும்?"

மிராசுதார் பஞ்சநதமும் அவருடைய குத்தகைக்காரர் தங்கையனும் வாசலில் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த எனக்கு வேலை ஓடவில்லை. மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஞானாம்பாள் அரை மணி நேரமாக ஒரே வரியைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"நூறு தடவை அதே வரிங்க. சிரிப்பு வராதா?"

"அதுக்குப் பேர் நிரவல். உனக்கு என்ன தெரியும்?"

அந்த நேரம் பார்த்துக் கூடத்து மின்விசிறி அடங்கியது. பாட்டும் மெதுவாகி, இறங்கி, எருமைக் குரலுக்குப் போய் நின்றது.

"கேட்டியா? எந்தப் பொண்ணுக்குடா குரல் இவ்வளவு கீழே போகும்?" பஞ்சநதம் பெருமையாகத் தலையாட்டினார். தங்கையன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

கரண்ட் வந்தது. விசிறி சுற்றியது. பாட்டும் விட்ட எழுத்திலிருந்து கிளம்பியது.

ஆடிய தலை நின்றது. பஞ்சநதம் மாடிக்கு ஓடினார். அறையில் சிங்கப்பூர் டேப் ரிக்கார்டர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"எங்கேடா என் பொண்ணு?" மாடியிலிருந்தே கத்தினார்.

"வலங்கைமான் பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டுத்தாங்க வரேன்."

ஞானாம்பாள் கட்டிக்கொண்டது, தங்கையனின் குத்தகையைப் பதிவு செய்த கிளார்க்கை. அவருக்கு மாற்றலாகி, இருவரும் நாகூருக்குப் போய்விட்டார்கள். தங்கையன் அதே நிலத்தில் குறுவை நட்டார். பஞ்சநதம்தான், இப்போதெல்லாம் யார் பாடினாலும் முதலில் அண்ணாந்து விசிறியைப் பார்க்கிறார்.